அங்கணக்குழி

தீபாவளிக்கு மறுநாள் காலை எங்கள் வீட்டு சிங்க்கில் தண்ணீர் நின்றுவிட்டது. திடீரென்று நின்றது என்று சொல்ல முடியாது. இரண்டு வாரமாகவே அது சொல்லிக்கொண்டுதான் இருந்தது. முதலில் தண்ணீர் இறங்கும்போது ‘களக் களக்’ என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு, பாத்திரம் கழுவி முடித்தபின்னும் விரற்கடை அளவு தண்ணீர் தங்கி, ஐந்து நிமிடம் கழித்து இறங்கியது. கல்லூரி அவசரத்தில் நான் அதைக் காதில் வாங்கவில்லை. முறுக்குச் சட்டி, அதிரசம் பொரித்த வாணலி, நெய் ஒட்டிய உருளி எல்லாம் கழுவிய மறுநாள் முழுதாக அடைத்துக்கொண்டது. எண்ணெய் மினுக்கும் சாம்பல் நிறத் தண்ணீரில் இரண்டு கறிவேப்பிலை மிதந்தன.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். நான்கு பேரும் வந்து எட்டிப் பார்த்தோம்.

“எல்லாம் அவ பாக்குற வேல. சோத்தப் பூராவும் உள்ள தள்ளி விட்டுருதா” என்றார் அத்தை. “நாளைக்கு வந்தா சொல்லி வை” என்றார் கணவர். பிளஸ் டூ படிக்கும் மகன், “பிளம்பரக் கூப்பிடுங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் என்ன சொன்னேன் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். மறுநாள் வேலைக்கு வந்த அக்காவிடம், “பாத்துக் கழுவக் கூடாதாக்கா? மிச்சத்த எல்லாம் உள்ளயே விட்டா எப்படி?” என்று கேட்டேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். பதில் சொல்லவில்லை. நின்ற தண்ணீரை மக்கால் மொண்டு வாளியில் ஊற்றிக் குளியலறையில் கொட்டினார். அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்து பாத்திரங்களைக் கழுவி அடுக்கினார். அதற்கு அடுத்த நாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

பிளம்பருக்குப் போன் செய்தேன். “சார் இல்லையா மேடம்?” என்றார். இல்லை, என்னிடமே சொல்லுங்கள் என்றேன். “சார் வந்ததும் போடச் சொல்லுங்க, பேசிக்கிடுதேன்.” சாயங்காலம் கணவர் பேசினார். தீபாவளி முடிந்து ஆட்கள் ஊரிலிருந்து திரும்பவில்லை, திங்கட்கிழமைதான் வர முடியும் என்று பதில் வந்தது. அதை என்னிடமே சொல்லியிருக்கலாம்.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் எதையாவது பிரித்தால் அப்பாவும் அண்ணனும் உட்காருவார்கள். நான் டார்ச் பிடிப்பேன். மிக்ஸி, மிதிவண்டி, அடிபம்பு எல்லாவற்றுக்கும் டார்ச் பிடித்திருக்கிறேன். “நேராப் பிடி, கை ஆட்டாத” என்பது தவிர வேறு எதுவும் எனக்குச் சொல்லித் தரப்படவில்லை. அண்ணன் என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவன். எந்தப் பக்கம் திருகினால் கழலும் என்பது அவனுக்குப் பன்னிரண்டு வயதிலேயே தெரிந்தது. எனக்கு நாற்பத்தாறு வயதில், முனைவர் பட்டம் வாங்கிப் பல ஆண்டு கழித்து, அந்தச் சனிக்கிழமைதான் தெரிந்தது.

சனிக்கிழமை மதியம் எல்லாரும் தூங்கும்போது சிங்க்கின் அடியில் இருந்த டப்பாக்களை வெளியே எடுத்துவைத்துவிட்டு உள்ளே தலையை விட்டேன். அந்த வீட்டில் பதினொரு ஆண்டாகச் சமைக்கிறேன். சிங்க்குக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அன்றுதான் பார்த்தேன். சின்னச் சொம்பு மாதிரி ஒரு வெள்ளை பிளாஸ்டிக் குப்பி தொங்கியது. பாட்டில் டிராப் என்பது அதன் பெயர். அதற்குள் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடை நாற்றம் மேலே ஏறாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக் கைவினைஞர் கழிப்பறைக் குழாயை எஸ் வடிவில் வளைத்துக் காப்புரிமை பெற்றதும் இதே தந்திரத்துக்காகத்தான். நாற்றத்தைத் தடுக்கும் இடமே அழுக்கு தங்கும் இடமாகவும் இருக்கிறது.

வாளியை அடியில் வைத்தேன். குழாயைத் திறந்துவிடக் கூடாது என்பதற்காக அதன் மேல் ஒரு துண்டைப் போட்டேன். ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு குப்பியின் அடிமூடியைத் திருகினேன். அசையவில்லை. இன்னும் பலமாகத் திருகினேன். இறுகிக்கொண்டே போனது. மல்லாந்து படுத்துக் கீழிருந்து பார்க்கும்போதுதான் புரிந்தது, நான் வலப்பக்கமாகத் திருகிக்கொண்டிருந்தேன். இடப்பக்கம் திருப்பியதும் முனகிக்கொண்டு கழன்றது. கறுப்பாக ஒரு கட்டி ‘பொத்’தென்று வாளியில் விழுந்தது. பின்னாலேயே சிங்க்கில் நின்ற தண்ணீர் முழுவதும் இறங்கியது. பாதி வாளியிலும் பாதி என் மேலும்.

நாற்றத்தை எழுத மாட்டேன். அந்த முட்டை அழுகிய வாடை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பழைய பிரஷ்ஷால் குப்பியின் உட்புறத்தைத் தேய்த்தேன். சுவருக்குள் போகும் குழாயில் ஒரு கம்பியின் நுனியை வளைத்து விட்டுத் துழாவினேன். பிறகு வெற்றிக் களிப்பில் எழுந்து, கழற்றிய மூடியை சிங்க்கிலேயே கழுவுவதற்காகக் குழாயைத் திறந்தேன். கீழே குப்பி இல்லை. தண்ணீர் நேராக என் பாதத்தில் கொட்டியது. துண்டு போட்டு வைத்ததெல்லாம் எதற்கு? என் கையேதான் அந்தத் துண்டை எடுத்தது.

சிரித்துவிட்டு வாளியைக் குளியலறைக்குக் கொண்டுபோனேன். கொட்டுவதற்கு முன்னால் ஒரு குச்சியால் அந்தக் கட்டியைக் கிளறிப் பார்த்தேன். சோறு இல்லை. ஒரு பருக்கைகூட இல்லை. வெள்ளையாக மெழுகு மாதிரி உறைந்த நெய், எண்ணெய். அதற்குள் களிமண்போல அடை அடையாகப் படிந்திருந்தது காப்பித்தூள்.

எங்கள் வீட்டில் பில்டர் காப்பி குடிப்பவர்கள் நானும் அத்தையும். பில்டரைக் கழுவுவது நான். அக்கா வருவதற்கு முன்னால், அதிகாலையில், நேற்றைய சக்கையைத் தட்டி சிங்க்கில் விட்டுக் குழாயைத் திறந்துவிடுவேன். பதினொரு ஆண்டாக, தினமும்.

சக்கை தண்ணீரில் கரையாது. எண்ணெய் சூடாக இருக்கும்போது வழுக்கிக்கொண்டு இறங்கும், குழாய்க்குள் ஆறியதும் சுவரில் ஒட்டும். அந்தப் பிசுக்கில் சக்கை வந்து படியும், அதன்மேல் தோசைமாவு, தேங்காய்த் துருவல் என்று ஒவ்வொன்றாகச் சேரும். அடைப்பு ஒரு நாளில் வருவதில்லை. கடைசியாகக் கழுவியவர் தலையில் விழுகிறது, அவ்வளவுதான்.

வாளியின் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் ஊரில் சிங்க் கிடையாது. அடுப்படி மூலையில் அங்கணக்குழி இருந்தது. சிமெண்டு பூசிய சின்னப் பள்ளம், சுவரில் ஒரு ஓட்டை, வெளியே வாழைமரம். அது அடைத்தால் அம்மா தென்னை ஈர்க்கைக் கட்டாகச் சேர்த்துக் குத்துவார். “ஏளா, வெந்நிய ஊத்து” என்பார். நான் ஊற்றுவேன். அந்த ஓட்டை அகலமானது, நேரானது. தண்ணீர் எங்கே போகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. எண்ணெய் அதிகம் போனால் வாழை வாடும் என்று அம்மா சட்டியைச் சாம்பலாலோ தவிட்டாலோ துடைத்துவிட்டுத்தான் கழுவுவார். எனக்குப் போகும் இடம் தெரியவில்லை. அதனால் எதையும் துடைக்கவில்லை.

அங்கணம் பழைய சொல். திருக்குறளில் வருகிறது. அவையறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறள், 720. தனக்கு இணையல்லாதார் நிறைந்த அவையில் பேசுவது, அங்கணத்தில் அமிழ்தைக் கொட்டியதுபோல என்கிறார் வள்ளுவர். அந்தக் குறளைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். அமிழ்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், அவையைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். அங்கணத்தை யார் கழுவினார்கள் என்று நான் கேட்டதில்லை. குறுந்தொகை 167, கூடலூர் கிழார் பாடியது. புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பெண் தயிர் பிசைந்த விரலைச் சேலையிலேயே துடைத்துக்கொண்டு, கண்ணில் தாளிப்புப் புகை படப் புளிக்குழம்பு வைக்கிறாள். அவன் இனிதென்று உண்கிறான், அவள் முகம் மலர்கிறது. பாட்டு அங்கே முடிந்துவிடும். அந்தச் சட்டி கழுவப்படுவது பாட்டுக்கு வெளியே. கழுவுகிறவரும் வெளியேதான்.

திங்கட்கிழமை அக்கா வந்தார். காய்ச்சல் என்றார். நான், “அக்கா, அடைச்சது என் காப்பிச் சக்கைதான். நீங்க இல்ல. தெரியாமப் பேசிட்டேன், மன்னிச்சிருங்க” என்றேன். இரண்டு நாள் ஒத்திகை பார்த்த வாக்கியம். அவர் கண் கலங்குவார், “பரவால்ல டீச்சரம்மா” என்பார் என்றெல்லாம் உள்ளுக்குள் எதிர்பார்த்திருக்கிறேன்போல.

அவர் சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டே சொன்னார்: “அது கெடக்கட்டும். போன வருசம் இதே மாதிரி அடச்சப்ப ஒரு பொடி குடுத்தீங்கள்லா, போட்டு விடுக்கான்னு. அது பட்டு ரெண்டு வெரலு வெந்து போச்சு. பத்து நாளு சோறு பெசஞ்சி திங்க முடியல. அதுக்கு யாரும் ஒண்ணும் கேக்கலயே.”

எனக்கு அந்தப் பொடி நினைவிருந்தது. கடையில் வாங்கிய பாக்கெட். பிரித்துக்கூடப் பார்க்காமல் அவர் கையில் கொடுத்தேன், கையுறை கொடுக்கவில்லை. அதில் இருப்பது காஸ்டிக் சோடா. தண்ணீர் பட்டால் கொதிக்கும் அளவுக்குச் சூடேறும், தோலை அரிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். ‘கையுறை அணியவும்’ என்று அந்த பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும். இரண்டு மொழி வாசிக்கத் தெரிந்தவள் நான். வாசிக்காமல், வாசிக்கத் தெரியாதவரிடம் கொடுத்தேன். விரல் வெந்தது எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். அந்தப் பத்து நாளும் அவர் எங்கள் வீட்டுப் பாத்திரத்தைக் கழுவியிருக்கிறார். நான் பார்க்கவில்லை.

“என்னக்கா செய்யணும்?” என்று கேட்டேன்.

“ரெண்டு சோடி கையொற வாங்கிப் போடுங்க. பண்டிக மாசத்துக்கு ஐநூறு ரூவா கூட்டிக் குடுங்க. பாத்திரம் ரெண்டு மடங்கு விழுதுல்லா.”

சரி என்றேன். பிறகு காப்பி போட்டேன். அக்காவுக்கென்று ஜன்னல் திண்டில் ஒரு தனி டம்ளர் இருந்தது. அக்கா எந்தத் தெரு என்று அத்தை முதல் நாளே விசாரித்து வைத்த டம்ளர் அது. வீட்டில் சண்டை வேண்டாம் என்று நானும் பதினொரு ஆண்டு அதை அங்கேயே இருக்க விட்டேன். கல்லூரியில் தலித் இலக்கியம் நடத்துகிறவள். அன்று அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, நாங்கள் குடிக்கும் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். அத்தை இரண்டு நாள் காப்பி குடிக்கவில்லை. மூன்றாம் நாள் தலைவலி வந்து குடித்தார். அக்கா இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

இதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டவை, உங்களுக்கும் உதவும். எண்ணெய்ப் பாத்திரத்தைக் கழுவுமுன் பழைய செய்தித்தாளால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். காப்பிச் சக்கை, டீத்தூள் செடிக்குப் போகட்டும். சிங்க் ஓட்டையில் சல்லடை மூடி எப்போதும் இருக்கட்டும். தண்ணீர் மெதுவாக இறங்கத் தொடங்கும்போதே பாத்திரம் கழுவும் திரவத்தைக் கொஞ்சம் ஊற்றிச் சூடான தண்ணீர் விடுங்கள். கொதிநீர் வேண்டாம், பிளாஸ்டிக் குழாய் இளகிவிடும். சோடா உப்பும் வினிகரும் பொங்குவது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் இறுகிய நெய்க்கட்டியை அது ஒன்றும் செய்யாது. ரப்பர் கிண்ணம் வைத்த பம்பு இருந்தால், கிண்ணம் மூழ்கும் அளவு தண்ணீர் நிற்கவிட்டு, இரட்டைத் தொட்டியானால் மற்ற ஓட்டையை ஈரத்துணியால் அடைத்துக்கொண்டு, மேலும் கீழும் அழுத்துங்கள். அதற்கும் இறங்காவிட்டால் குப்பியைக் கழற்றுங்கள். பொடி ஏதும் போட்டிருந்தால் மட்டும் கழற்ற வேண்டாம், அந்தத் தண்ணீர் முகத்தில் விழும். கழிப்பறை ஆசிட், பிளீச்சிங், அடைப்புப் பொடி இவற்றில் ஒன்றோடு ஒன்றை ஒருபோதும் கலக்காதீர்கள். ஆசிட்டும் பிளீச்சிங்கும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு.

வகுப்பில் ஒருநாள் ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ பற்றிப் பேச்சு வந்தது. ஜியோ பேபி இயக்கி 2021இல் வந்த மலையாளப் படம். அதில் சிங்க் குழாய் ஒழுகும். பிளம்பரைக் கூப்பிடச் சொல்லி அவள் கணவனிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள், அவன் மறந்துகொண்டே இருப்பான். ஒழுகும் தண்ணீரை அவள் வாளியில் பிடித்துக்கொண்டே இருப்பாள். ஒரு மாணவி எழுந்து, “ஏன் மேம், அவளே சரிபண்ணியிருக்கலாமே? யூடியூப்ல பாத்தா பத்து நிமிசம்” என்றாள்.

நான் என் கதையைச் சொன்னேன். கழற்றி மாட்டிய அன்று பெருமையாக இருந்தது உண்மை. இனி “சார் இல்லையா” என்பவரிடம் காத்திருக்க வேண்டாம். ஆனால் அடுத்த வாரம் குளியலறைத் தண்ணீர் மெதுவாகப் போனபோது மகன், “அம்மா, நீங்கதான் எக்ஸ்பர்ட்டு” என்றான். கணவரும் சிரித்தார். ஒரு வேலையை நான் கற்றுக்கொண்ட கணத்தில் அது என் வேலையாகிவிட்டது. 2019இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டுவேலை செய்யும் பெண்கள் கூலியில்லாத அந்த வேலைக்கு நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். அதைச் செய்யும் ஆண்கள் 97 நிமிடம். அந்த 299 உடன் இன்னும் ஒரு பத்து நிமிடம்.

“அப்போ கத்துக்கக் கூடாதா மேம்?” என்றாள் அவள்.

கற்றுக்கொள்ள வேண்டும். கற்றதைத் தனியாக வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரையும் மகனையும் சிங்க்கின் முன்னால் உட்காரவைத்து முழுதும் கழற்ற வைத்தேன். கணவர் வாஷரைத் தலைகீழாக மாட்டி இரவெல்லாம் சொட்டியது. மறுநாள் அவரையே திரும்பக் கழற்ற வைத்தேன். நான் மாட்டியிருந்தால் ஐந்து நிமிடம். கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் அன்று எனக்குக் கஷ்டமான வேலை. இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு மகன் முறை, அடுத்த மாதம் அவர் முறை. மறந்துவிடுகிறார்கள். நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. அதுவும் ஒரு வேலைதான், அதற்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

தை மாதம் எங்கள் குடியிருப்பின் தரைத்தள வீடுகளில் சிங்க் வழியாகத் தண்ணீர் மேலே வந்தது. இந்த முறை அடைப்பு வீட்டுக்குள் இல்லை, மதில் ஓரத்துத் தொட்டியில். பன்னிரண்டு வீட்டுச் சமையலறைத் தண்ணீரும் அங்கேதான் சேர்கிறது. சங்கத்துக்காரர் ஒருவரை வரவழைத்திருந்தார். நான் கீழே போனபோது அவர் சட்டையைக் கழற்றிவிட்டு, மூடியைத் திறந்து, குப்புறப் படுத்து, தோள்வரை கையை உள்ளே விட்டிருந்தார். வெளியே எடுத்து வைத்த கட்டிகள் வெள்ளையாகச் சோப்பு மாதிரி இருந்தன. பன்னிரண்டு வீட்டுத் தீபாவளி, பொங்கல்.

சாக்கடைக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் பாதுகாப்பில்லாமல் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அப்படி இறப்பவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகை கூடியிருக்கிறது, சாவும் நிற்கவில்லை. எங்கள் தொட்டி இடுப்பளவு ஆழம்தான், ஆள் இறங்கத் தேவையில்லை என்றார் சங்கத்துக்காரர். வெறுங்கை மட்டும் போகலாமா என்று கேட்டேன். “அவங்களுக்குப் பழக்கம் மேடம்” என்றார். அக்காவைப் பற்றி யாராவது கேட்டிருந்தால், ஒரு வருடம் முன்னால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

மாடிக்கு ஓடி வீட்டில் இருந்த கையுறையை எடுத்து வந்து கொடுத்தேன். மாதச் சந்தாவில் ஒரு நீளமான அடைப்புக் கம்பியும் முழங்கைக் கையுறையும் வாங்க வேண்டும் என்று அந்த மாதக் கூட்டத்தில் எழுந்து பேசினேன். மூன்று பெண்கள் ஆதரித்தார்கள். ஒருவர், “சிங்க்குக்கெல்லாம் கூட்டமா?” என்றார். வாங்கிவிட்டோம். இரண்டு மாதம் ஆனது.

இப்போது அதிகாலையில் பில்டரைத் தட்டும்போது கை தானாக சிங்க் பக்கம் போகிறது. பாதியில் நிறுத்திக்கொள்கிறேன். சக்கையை ஒரு கிண்ணத்தில் தட்டி பால்கனிச் செடிக்குக் கொண்டுபோகிறேன். இரண்டு ஜோடி கையுறையும் சிங்க்குக்கு மேல் ஆணியில் தொங்குகின்றன. ஒன்று அக்காவுடையது. அவர் வாரத்தில் பாதி நாள் அதைப் போடுவதில்லை, வேர்க்கிறது என்கிறார். அதை அவர் முடிவு செய்துகொள்ளட்டும். எடுத்து மாட்டக்கூடிய இடத்தில் அது இருக்கிறதா, கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை.